மாப்பிள்ளை வேலை பார்க்கும் கப்பல்

நான் சிட்னிக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, உளவு பார்க்க. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அம்மாளிடம் இதைச் சொல்லவில்லை. வந்த காரணம் என்ன என்று கேட்டார். "மகன்" என்றேன். அதுவும் பொய் இல்லை. என் மகன் பிரபு மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறான், வாங்கப்பா வாங்கப்பா என்று கூப்பிட்டுக்கொண்டும் இருந்தான். ஆனால் மகனைப் பார்க்க மட்டும் என்றால் நான் கடையை விட்டுக் கிளம்புகிற ஆள் கிடையாது.

தொப்பூர் கணவாய்க்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் எனக்கு ஒரு தார்பாய்க் கடை. தார்பாய், கயிறு, கொக்கி என்று லாரிக்காரர்களுக்கு லோடு கட்ட வேண்டியதெல்லாம் கிடைக்கும். முப்பது வருடமாக அங்கே உட்கார்ந்து போகிற வருகிற ஆட்களைப் பார்த்ததில், யாரையும் ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. சொந்தக்காரர்களும் பாவம் அதை நம்பினார்கள். எந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் வந்தாலும் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க என்னைத்தான் அனுப்புவார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போவேன். பெரிய நீதிபதி என்று நினைப்பு.

நல்லம்பள்ளியில் இருக்கும் என் அண்ணனுக்கு ஒரே பெண், பவித்ரா. தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பெங்களூரில் ஒரு வரன் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றார்கள். வழக்கம்போல நான்தான் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிகிறவரை சாப்பிட மாட்டோம். கறாரான ஆட்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பெங்களூர் வீட்டில் நான் நுழைந்தபோது அடுப்படியில் ஆட்டுக் குடல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையில் நீதிபதி காணாமல் போனார். விசாரித்தது பாதி, சாப்பிட்டது இரண்டு மடங்கு. கை நனைத்துவிட்டேன். நிச்சயமும் நடந்தது. பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் பையனுக்கு ஒன்றரை வருடமாக வேலையே இல்லை என்று தெரிந்தது. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி எங்கோ போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். கல்யாணம் நின்றது. பவித்ரா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இப்போது பென்னாகரம் பக்கமிருந்து ஒரு வரன். பையன் பெயர் மாதேஷ். சிட்னியில் கப்பலில் வேலை என்று அவன் அப்பா சொன்னார். ஜாதகம் பொருந்திவிட்டது. வீடியோவில் ஒரு தடவை பேசினார்கள். அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் எட்டுப் பேர், நடுவில் சிக்னல் கிடையாது. பையன் வேலையைப் பற்றி என்னமோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் அவன் அப்பா குறுக்கே புகுந்து கப்பல், கப்பல் என்று பேசி முடித்துவிட்டார். பிரபு இருக்கிற ஊர்தானே, தம்பி போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அண்ணன் முடிவு செய்தார்.

கிளம்புகிற அன்று அண்ணி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தம்பி, இந்தத் தடவ வாயக் கட்டுங்க. விசாரிச்சு முடிக்கறவரைக்கும் பச்சத் தண்ணிகூட அந்தப் பையன் கையால வாங்காதீங்க."

பவித்ரா வேலை முடிந்து பஸ் பிடித்துக் கடைக்கே வந்தாள். கல்லாவுக்கு எதிரில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "சித்தப்பா, அவரு என்ன வேல வேணா செய்யட்டும். அத மறைக்காம சொல்றாரான்னு மட்டும் பாருங்க. இன்னொரு தடவ பத்திரிக்க அடிச்சிட்டு நிறுத்தறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க."

சரி சாமி என்றேன்.

முதல் நாள். மாதேஷுக்குப் போன் பண்ணி வீட்டுக்குக் கூப்பிடலாம் என்றான் பிரபு. அவனுக்கு என்ன தெரியும்? போன் பண்ணினால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பான். ஆளுக்குத் தெரியாமல் வேலை செய்கிற இடத்திலேயே பார்க்க வேண்டும், அதுதான் விசாரணை என்று சொன்னேன். பிரபு தலையில் அடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனான். போகும்முன் பாரமட்டா என்ற இடத்தில் ஆற்றில் படகு ஏறினால் நேரே துறைமுகத்துக்குப் போய்விடலாம் என்று வழி சொல்லி, அட்டை ஒன்றையும் கொடுத்தான். ரயில், பஸ், படகு மூன்றுக்கும் அந்த ஒரே அட்டைதான்.

மருமகள் கொடுத்த ஓட்ஸ் கஞ்சியைக் கண்ணை மூடிக் குடித்துவிட்டுப் போனேன். படகுத் துறையில் படகு இல்லை. ஒரு பஸ் நின்றது. பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்கார அம்மாளிடம் என் ஆங்கிலத்தில் விசாரித்தேன். "ஆற்றில் இப்போது தண்ணீர் போதாது. கடல் இறங்கியிருக்கிறது. கொஞ்ச தூரம் பஸ்ஸில் கொண்டுபோய் விடுவார்கள், அங்கிருந்து படகு" என்றார் அவர். இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்தும் ஆற்றில் தண்ணீர் இல்லை என்கிறார்களே! எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அசதியில் தூங்கிவிட்டேன். டிரைவர் எழுப்பிவிட்டபோது பஸ் படகுத் துறையைத் தாண்டி எங்கோ டெப்போவில் நின்றிருந்தது. முதல் நாள் உளவு அதோடு முடிந்தது.

இரண்டாம் நாள் ரயிலில் போனேன். சர்குலர் கீ என்ற இடம்தான் படகுகளுக்குத் தலைமை நிலையம். தருமபுரி பஸ் நிலையத்தில் சேலம், கிருஷ்ணகிரி, அரூர் என்று பலகை போட்டு ரேக் ரேக்காகப் பஸ் நிற்குமே, அதே மாதிரி வரிசையாகத் துறைகள். பச்சையும் மஞ்சளுமாகப் படகுகள் வருவதும் போவதுமாக இருந்தன. ஆனால் கூவிக் கூப்பிட ஆள் இல்லை, விசில் இல்லை. சொன்ன நிமிடத்துக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஓடி வந்த ஒருவர் கதவுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டு, யாரையும் திட்டாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் ஊராக இருந்தால் படகைக் கையால் தட்டியிருப்பார்.

ஒரு படகில் ஏறிப் பார்க்கலாம் என்று ஏறினேன். வெளியே காற்றோட்டமாக ஒரு இருக்கை. இருபுறமும் பார்த்துவிட்டு, தோளில் இருந்த துண்டை அதில் போட்டு இடம் பிடித்துவிட்டு, அட்டையைக் காட்டக் கண்டக்டரைத் தேடிப் போனேன். கண்டக்டர் என்று ஒருவரும் இல்லை. திரும்பி வந்தால் என் இருக்கையைச் சுற்றி நாலு பேர் தள்ளி நிற்கிறார்கள். கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு பணியாளர் பெண் என் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆள் இல்லாத பொருள் கிடந்தால் அவர்கள் சட்டப்படி விசாரிக்க வேண்டுமாம். உளவு பார்க்கப் போனவன் எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கி என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாருமே கடலைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஒரு பெண் மடியில் கம்ப்யூட்டர் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அன்றைய வீட்டுப் பாடத்தை அவசரமாக எழுதினார்கள். பேருக்குத்தான் கடல், மற்றபடி இது காலை நேரத்து டவுன் பஸ்.

திரும்பி வந்து இறங்கியபோதுதான் அதைப் பார்த்தேன். துறைமுகத்தின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று, பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கப்பல் நின்றது. உச்சியில் நீச்சல் குளம்கூட இருக்கிறது என்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கப்பலில் வேலை என்றால் இதுதானே கப்பல்? வாசலில் நின்ற காவலாளியிடம் மாதேஷ் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, உள்ளே ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், எனக்குத் தெரியாது என்றார். இல்லை என்று சொல்லவில்லை அல்லவா? எனக்கு அது போதும். விலகி நின்று கப்பல் முழுசும் விழுகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். கீழே, "மாப்பிள்ளை வேலை பார்க்கும் கப்பல்" என்று எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலும் பஜ்ஜி போட்ட மீனும் வாங்கி உட்கார்ந்தேன். மீனை வாயருகே கொண்டு போகும்போது பின்னாலிருந்து ஒரு கடல்பறவை வந்து அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் பிரபு போட்டோவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு மாதேஷின் பயோடேட்டாவை எடுத்து என் முன்னால் வைத்தான். நான் அதில் ராசி, நட்சத்திரம், கோத்திரம் இருக்கிற முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டவன். இரண்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: பயணிகள் படகில் பணியாளர். "அது ஊர் ஊரா சுத்தற சொகுசுக் கப்பல்ப்பா. இவரு நீங்க காலைல துண்டு போட்டேன்னு சொன்னீங்களே, அந்தமாதிரிப் படகுல வேல செய்றாரு" என்றான்.

உடனே குழுவில் திருத்திப் போட்டிருக்க வேண்டும். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அதற்குள் அண்ணியின் குரல் வந்து விழுந்தது, இனிமேல் சொந்தக்காரங்க முன்னால தல நிமுந்து நடப்பேன் தம்பி என்று. அண்ணன் அந்தப் படத்தைப் பென்னாகரத்தில் பையனின் அப்பாவுக்கும் அனுப்பிவிட்டார். பவித்ரா மட்டும் எதுவும் போடவில்லை. நாளைக்கு ஆளைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். கோழைத்தனத்துக்கு நான் எப்போதும் நல்ல காரணம் வைத்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து படகு படகாக ஏறி இறங்கினேன். கையில் பயோடேட்டாவில் இருந்து கிழித்த போட்டோ. நாலாவது படகு மேன்லி என்ற இடத்துக்குப் போவது. கடல் துறைமுகத்துக்குள் நுழைகிற வாயைக் குறுக்கே கடந்து போகிற தடம் அது. அதில்தான் மாதேஷ் இருந்தான். போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு, தோள் அகலம், கையில் தடித்த உறை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அட, கயிறு! எனக்குத் தெரிந்த ஒரே சங்கதி. கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். எங்கும் நிற்காமல் போகிற படகுதான், அன்றைக்கு மட்டும் வழியில் ஒரு துறையில் நின்று ஆள் ஏற்ற வேண்டியிருந்தது. மேடையை நெருங்கும்போது அவன் கயிற்று நுனியில் இருந்த கண்ணியைப் பிடித்து நின்றான். ஓங்கி வீசவில்லை, அலட்டல் இல்லை. கையை ஒரு தடவை ஆட்டினான், கண்ணி போய் மேடையில் நட்டிருந்த இரும்புக் கட்டையில் உட்கார்ந்தது. மிச்சக் கயிற்றைப் படகின் இரட்டைக் கட்டையில் எட்டுப் போட்டுச் சுற்றினான். கயிறு விறைக்கிறபோது கொஞ்சம் விட்டுக் கொடுத்து, பிறகு பிடித்தான். அவ்வளவு பெரிய படகு முனகிக்கொண்டு வந்து மேடையோடு ஒட்டியது. எங்கள் கடைக்கு வருகிற டிரைவர்களில் பாதிப் பேர் தேவையில்லாமல் பத்து முடிச்சுப் போட்டுவிட்டு, அவிழ்க்கத் தெரியாமல் கத்தி கேட்பார்கள். இவன் சுற்றியதில் ஒரு சுற்று அதிகம் இல்லை, குறைவும் இல்லை. பிறகு நடைபலகையைத் தள்ளிவிட்டு, தள்ளுவண்டிக் குழந்தையோடு வந்த பெண்ணுக்கு ஒரு கை கொடுத்து ஏற்றினான். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. எழுந்து போய்த் தோளைத் தட்டலாமா என்றுகூட இருந்தது. நான் மறைந்திருக்கிற ஆள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அதே சமயம் படகு கடல் வாய்க்கு வந்துவிட்டது. அதுவரை சாதுவாக இருந்த தண்ணீர் திடீரென்று எழும்பியது. படகு ஏறியது, இறங்கியது. என் வயிறும் கூடவே ஏறி இறங்கியது. நான் ஒகேனக்கல் பரிசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிற வீரன். ஐயோ சாமி என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். காலை ஓட்ஸ் கஞ்சி திரும்பி வந்தது.

கண்ணைத் திறந்தால் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான் மாதேஷ். ஒரு காகிதப் பையை என் வாய்க்குக் கீழே பிடித்திருந்தான். தமிழா என்று கேட்டான், எந்த ஊர் என்றான். சென்னை என்றேன். குடித்தால் சரியாகிவிடும் என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். வேண்டாம் என்றேன். இஞ்சி பிஸ்கட் நல்லது என்று எடுத்துக் கொடுத்தான். அதுவும் வேண்டாம் என்றேன். மறுபடி வாந்தி. வாயில் கசப்பு, தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. வாயாவது கொப்பளியுங்க சார் என்று பாட்டிலை என் கையில் திணித்தான். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அரை மயக்கத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டது.

"வேணாம் தம்பி. கை நனைக்கக் கூடாது."

அவன் பாட்டில் மூடியை மெதுவாகத் திருகி மூடினான். இந்த உலகத்தில் எந்தச் சென்னைக்காரன் வாந்தி எடுத்துவிட்டு இப்படித் தண்ணீரை மறுப்பான்?

"சார், நீங்க நல்லம்பள்ளிங்களா? பொண்ணு வூடுங்களா?" என்றான்.

தலையை ஆட்டினேன். அதற்குள் மேன்லி துறை வந்துவிட்டது. கயிறு போட எழுந்து போனான். ஆட்கள் இறங்கினார்கள். திரும்பிப் புறப்படக் கொஞ்ச நேரம் இருந்தது. வந்து என் எதிரில் நின்று போனை நீட்டினான். நான் எடுத்த போட்டோ. அந்த வெள்ளைக் கப்பல்.

"எங்கப்பா அனுப்பிச்சாரு. இத எடுத்தது யாருங்க சார்?"

நான்தான் என்றேன். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்ததுதான். ஆனால் பவித்ரா கல்லாவுக்கு எதிரில் நின்றது கண் முன்னால் வந்தது. தெரியாமல் எடுத்தேன், நேற்று சாயங்காலமே தெரிந்துவிட்டது, தெரிந்தும் திருத்தவில்லை என்று முழுசும் சொன்னேன்.

அவன் கத்தவில்லை. "நான் கயிறு போடறவன்ங்க சார். ஆளுங்கள ஏத்தறேன், எறக்கறேன், படகு கழுவறேன். இதத்தான் சொல்லணும்னு எங்கப்பாகிட்ட மூணு மாசமா சண்ட போடறேன். அவருதான் வெக்கப்பட்டு கப்பல், கப்பல்னாரு. இப்ப உங்க வூட்டுலருந்தே இந்தப் படம் வருது. அப்ப உங்களுக்கும் என் வேல கேவலமாத்தான இருக்குது? நாளைக்கி அந்தப் பொண்ணு இங்க வந்து இந்தப் படகப் பாத்தா நான் ஏமாத்துனவன் ஆயிருவேன். எனக்கு வேணாங்க. ராத்திரியே எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கி விடிஞ்சதும் பொண்ணோட அப்பாவுக்குப் போன் பண்ணுவாரு."

மணியைப் பார்த்தேன். அங்கே உச்சிப் பொழுது. ஊரில் விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவனை விசாரித்து வரச் சொல்லி அனுப்பினார்கள். அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது தடவையாக அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தப் போகிறவன் நான். அதுவும் இந்த முறை சாப்பிடாமலேயே.

துறை மேடையில் இறங்கி நின்று பவித்ராவைக் கூப்பிட்டேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் படத்தப் பாத்ததுல இருந்து எனக்கு நெஞ்சு படபடன்னு இருந்துச்சுங்க சித்தப்பா. பெங்களூர்க்காரங்க பேசுன மாதிரியே இருந்துச்சு. அவரு சொல்லி நீங்க போட்டது இல்லீங்களா அது?" என்றாள்.

இல்லை சாமி, இந்த மடையன் தானாகப் போட்டது, அதைப் பார்த்துத்தான் அவனுக்குக் கோபம் என்றேன்.

பிறகு கேட்டாள். "கயிறு நல்லா போடறாருங்களா?"

"முப்பது வருசமா கயிறு விக்கறேன் பவி. இப்பிடிப் போட்டு நான் பாத்ததில்ல."

"அவரு நம்பர் அனுப்புங்க. நானே பேசறேன். நீங்க குரூப்புல உண்மையப் போடுங்க."

போட்டேன். எழுதினால் மறுபடி அழித்துவிடுவேன் என்று தெரியும், அதனால் குரலிலேயே பதிவு செய்தேன். கப்பலுக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லை, அவர் பயணிகள் படகில் கயிறு போடுகிறார், அதை அவர் மறைக்கவே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். அண்ணி உடனே கூப்பிட்டார். எடுக்கவில்லை. அண்ணன் கூப்பிட்டார். அதையும் எடுக்கவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும்.

மேடையின் கடைசியில் நின்றிருந்த மாதேஷின் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தான். யாரென்று தெரியாத முகம். எடுத்தான். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டான். ஆட்களின் முகத்தைப் பார்த்தே சகலமும் சொல்லிவிடுகிற எனக்கு ஒரு முதுகு மட்டும் கிடைத்தது. முதுகை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? ஒரு தடவை தலையை ஆட்டினான். ஒரு தடவை கையை விரித்தான். நெடுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். படகில் மணி அடித்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து, நடைபலகையை இழுத்து, கயிற்றை அவிழ்த்தான். நானும் பின்னாலேயே ஏறினேன்.

திரும்பி வந்த அந்த அரை மணி நேரம் மாதிரி ஒரு பயணம் எதிரிக்கும் வேண்டாம். கடல் வாயில் படகு மறுபடி ஆடியது, ஆனால் என் வயிற்றுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. மாதேஷ் என் பக்கமே வரவில்லை. ஒரு குடும்பத்துக்கு வழி சொன்னான், ஈரமான தரையைத் துடைத்தான், மாடிக்குப் போனான், வந்தான். என் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள், அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு உபசாரம் வைப்பதைப் பற்றி, கேக் போதுமா போதாதா என்று பேசிக்கொண்டு வந்தார்கள். போனில் அண்ணன் ஏழு தடவை கூப்பிட்டிருந்தார். பென்னாகரத்துக்காரர் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாரா, அதற்காகத் திட்டுகிறாரா, அந்தக் குரல் பதிவுக்காகத் திட்டுகிறாரா, எதுவும் தெரியவில்லை. பவித்ராவிடமிருந்து ஒன்றும் இல்லை. சரி, முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்குப் போய் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தபோது, ஐம்பத்தெட்டு வயசில், கேக் பேசுகிற பெண்களுக்குப் பக்கத்தில், எனக்கு அழுகை வந்துவிட்டது.

சர்குலர் கீ நெருங்கியது. எல்லோரும் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள். அவனிடம் மன்னிப்பாவது கேட்டுவிட்டு இறங்கலாம் என்று நான் முண்டியடித்து முன்னால் போய் நின்றேன். வழக்கம்போல, நிற்கக் கூடாத இடத்தில். மாதேஷ் கயிற்றோடு வந்தான். கண்ணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேடையிலேயே வைத்துக்கொண்டு சொன்னான்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கயிறு போடணும்."

பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அதுவரை சார் என்று கூப்பிட்டவன் மாமா என்றதில் எனக்குத் தள்ளி நிற்கத் தோன்றவே இல்லை.